பாண்டு காலத்தை நீட்டினால் ஜூனியர் டாக்டர்கள் தங்குவார்களா?

கேள்வி:

நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவத் துறைத் தலைவராக இருக்கிறேன். வார்டுகளையும் இரவு அட்மிஷன்களையும் தாங்குபவர்கள் எங்கள் ஜூனியர் டாக்டர்கள்தான். கடந்த ஓராண்டில் அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுத் தேர்வு எழுதிப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் தேர்வு, விசா என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் குறையக் குறைய, இருப்பவர்களுக்கு டியூட்டி கூடுகிறது. டியூட்டி கூடுவதால் அவர்களும் கிளம்பப் பார்க்கிறார்கள். நிர்வாகம் பாண்டு காலத்தை, அதாவது ஒப்பந்தப்படி கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய காலத்தை, நீட்டலாம், இடையில் விலகுவோருக்கு அபராதத்தையும் உயர்த்தலாம் என்கிறது. என் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் எனக்கு இல்லை. நாங்கள் ஜூனியராக இருந்தபோது 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தோம், யாரும் ஓடவில்லை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா, நாங்கள்தான் எதையோ கவனிக்காமல் விடுகிறோமா? என் மட்டத்தில் என்ன செய்ய முடியும்? போன வாரம் என் யூனிட்டிலேயே மிகத் திறமையான பெண் டாக்டர் ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறார். பரிந்துரைக் கடிதமும் கேட்கிறார். அதைக் கொஞ்சம் இழுத்தடித்தால் மனம் மாறுவார் என்கிறார்கள் சக டாக்டர்கள். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

நிர்வாகத்துக்கு நீங்கள் எழுத்தில் பதில் தர வேண்டியிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பாண்டை நீட்ட வேண்டாம் என்று எழுதுங்கள். பல ஆண்டுகள் ஜூனியர் டாக்டர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாண்டு ஓர் ஆளை ஒரு குறிப்பிட்ட தேதி வரை பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அந்தத் தேதியை அவர் முதல் நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுவார். அதைவிடப் பெரிய சேதம், அடுத்த பேட்ச் உங்கள் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவது. ஜூனியர்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள். எந்த யூனிட்டில் கேட்ட லீவு கிடைக்கும், எந்த சீஃப் நோயாளிகள் முன்னால் கத்துவார், இரவில் கூப்பிட்டால் எங்கே ஆள் வரும் என்பதெல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கட்டாயப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் தென் கொரியா. மருத்துவக் கல்லூரி இடங்களை ஆண்டுக்கு 2,000 கூட்டும் அரசின் முடிவை எதிர்த்து 2024 பிப்ரவரியில் பயிற்சி மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் ராஜினாமா செய்தார்கள். பணிக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது, உரிமத்தை நிறுத்திவைப்போம் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஓராண்டு கடந்தும் பெரும்பாலோர் திரும்பவில்லை. பெரிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அவர்களுடைய கோரிக்கை நியாயமா என்பது தனி விவாதம். ஓர் அரசாலேயே உத்தரவு போட்டு ஜூனியர்களை வார்டுக்குத் திரும்ப வரவழைக்க முடியவில்லை என்றால், உங்கள் நிர்வாகத்தின் அபராதத் தொகை எந்த மூலைக்கு?

கட்டாயப் பணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிராமப்புறங்களிலும் தொலைதூரப் பகுதிகளிலும் டாக்டர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகள் கட்டாயப் பணியை ஏற்கின்றன. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கின்றன: தகுந்த ஆதரவும் ஊக்கச் சலுகைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்கள் நிர்வாகம் யோசிக்கும் திட்டத்தில் நீட்டிப்பும் அபராதமும் மட்டும்தான் இருக்கின்றன. அதைக் கடிதத்தில் அப்படியே சுட்டிக்காட்டலாம்.

சம்பளத்துக்கு வருகிறேன். அது பெரிய விஷயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2023 மார்ச்சில் தொடங்கிய ஜூனியர் டாக்டர்களின் தொடர் வேலைநிறுத்தங்களுக்கு மையமே சம்பளம்தான். விலைவாசியோடு ஒப்பிட்டால் 2008-இலிருந்து தங்கள் ஊதியம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். எத்தனையோ நாடுகளின் ஜூனியர்கள் போக ஆசைப்படும் இடத்திலேயே இந்த நிலை. அங்கே சலித்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் விமானம் ஏறுகிறார்கள்.

அயர்லாந்தைப் பாருங்கள். மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் மருத்துவப் பட்டதாரிகளை மிக அதிகமாக உருவாக்கும் வளர்ந்த நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே படித்தவர்களில் பெருங்கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது, காலியாகும் ஜூனியர் இடங்களை ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் டாக்டர்கள் நிரப்புகிறார்கள். அந்த நாட்டின் ஜூனியர்கள் 2013 அக்டோபர் 8 அன்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று அவர்கள் முன்வைத்தது சம்பளக் கோரிக்கை கிடையாது. ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி போடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

சம்பளம் உங்கள் கையில் இல்லை, சரி. டியூட்டி சார்ட் உங்கள் கையெழுத்தோடுதானே வெளியே போகிறது?

உங்கள் 36 மணி நேரக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், அதில் கற்றதும் உண்டு. ஆனால் அன்றைய வார்டு வேறு. அன்று ஒரு நோயாளி பத்து நாள் படுத்திருப்பார், அதில் பாதி நாள் ஜூனியருக்கு அவரிடம் பெரிய வேலை இருக்காது. இன்று மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ், அதே படுக்கைக்கு உடனே அடுத்த அட்மிஷன். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று நாலைந்து நோய்களோடு வரும் முதியவர்கள், ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு பதிவு. அன்றைய 36 மணி நேரத்தில் நடு இரவில் கொஞ்சம் கண்ணயர முடிந்தது. இன்று அந்த இடைவெளி கிடையாது.

உடம்பு மட்டும் அதேதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டக் கூடாத அளவு அது. 2004-இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் டியூட்டி பார்த்த முதலாண்டு ஜூனியர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் ஜூனியர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்றது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2011-இல் முதலாண்டு ஜூனியர்களுக்கு 16 மணி நேர உச்சவரம்பு வந்தது, 2017-இல் அது எடுக்கப்பட்டது. இடையில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், கடும் நேரக் கட்டுப்பாடு இருந்த மருத்துவமனைகளுக்கும் தளர்த்தப்பட்ட மருத்துவமனைகளுக்கும் நோயாளி இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி, பழையபடியே இருக்கலாம் என்று உங்களிடம் வாதிடுவார்கள். அதே ஆய்வுகளில் நீண்ட நேரம் வேலை பார்த்த ஜூனியர்கள் குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் தங்களுக்கு நேரமில்லை என்று அதிகமாகச் சொன்னார்கள். உங்கள் கேள்வி ஜூனியர்கள் ஏன் போகிறார்கள் என்பதுதான். அதற்கான விடை அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

ஆனாலும் நேரத்தைக் குறைப்பதோடு வேலை முடிந்துவிடாது. நான் முதலிடத்தில் வைப்பது வேறொன்றை.

இரவு மூன்று மணி. ஐம்பது படுக்கை வார்டுக்கு ஒரே ஜூனியர். மாலையில் நிமோனியா என்று சேர்த்த நோயாளிக்கு பி.பி. 84-க்கு இறங்கிவிட்டது, மூச்சு நிமிஷத்துக்கு 32. ஃப்ளூயிட் ஓடுகிறது, ஆன்டிபயாட்டிக் போயாயிற்று. இதற்கு மேல் பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்குவதா, ஐ.சி.யு.வுக்கு மாற்றுவதா? ஜூனியர் போனை எடுக்கிறார், கூப்பிட்டால் வர வேண்டிய ஆன்-கால் சீனியரின் பெயரைத் தேடுகிறார், வைத்துவிடுகிறார். போன முறை கூப்பிட்டபோது, 'இதுக்கெல்லாமா போன் பண்ணுவே?' என்று கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. பக்கத்தில் நர்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி எடுக்கிறார். நோயாளி பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, அந்த இருபது நிமிஷம் அவருக்கு மறக்காது. வெளிநாட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் இப்படியோர் இரவுக்குப் பிறகுதான். என்னிடம் விடைபெற வந்தவர்கள் முதலில் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் உட்காரவைத்துப் பேசினால், இரவில் தனியாக விடப்பட்ட கதை வெளியே வரும்.

அமெரிக்காவில் டாக்டர்களின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்குத் தொடக்கமே இப்படியோர் இரவுதான். 1984 மார்ச்சில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்துபோனார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் வேறு பல நோயாளிகளையும் கவனித்துக்கொண்டிருந்த ஜூனியர்கள், மூத்த மருத்துவர் போனில் மட்டும் இருந்தார். பத்திரிகையாளரான அவருடைய தந்தை விடவில்லை. பெர்ட்ராண்ட் பெல் என்ற மருத்துவர் தலைமையில் குழு அமைந்தது. வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்ற வரம்பு 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் வந்தது. 2003-இல் 80 மணி நேர வரம்பு நாடு முழுக்கப் பரவியது. உலகம் இந்த 80 என்ற எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் நேரக் கட்டுப்பாட்டைவிட அனுபவமுள்ள டாக்டரின் மேற்பார்வைதான் முக்கியம் என்று பெல் பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனவே முதல் மாதத்தில் இதை மட்டும் செய்யுங்கள். எந்தெந்த நிலையில் சீனியரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி நர்ஸ் மேஜையில் ஒட்டுங்கள். பி.பி. 90-க்குக் கீழே, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போவது, நினைவு மங்குவது, ஐ.சி.யு.வுக்கு மாற்றுவது, எதிர்பாராத மரணம், நர்ஸுக்கு மனசு சரியாகப் படாத எந்த நோயாளியும். எழுத்தில் வந்துவிட்டால் கூப்பிடுவது ஜூனியரின் பலவீனமாகத் தெரியாது, கூப்பிடாததுதான் தவறு என்றாகிவிடும். அடுத்து, ஆன்-கால் சீனியர் இரவு பத்து மணிக்குத் தானே வார்டுக்குப் போன் செய்து, 'இன்னிக்கு யாரைப் பார்த்தா பயமா இருக்கு?' என்று கேட்க வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள். முதல் சில வாரங்கள் நீங்களே செய்யுங்கள். போனில் எரிந்து விழும் சீனியரை நீங்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருக்கும். அது சங்கடமான வேலைதான். ஆனால் துறைத் தலைவரைத் தவிர அதைச் செய்ய வேறு யாருமில்லை.

டியூட்டி சார்ட்டில் நான் கேட்பது அதிகமில்லை. இரவு டியூட்டி முடிந்தவர் காலை ஒன்பது மணிக்குள் வெளியேறியாக வேண்டும். ரவுண்ட்ஸ் முடியட்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிவிட்டுப் போகட்டும் என்று தொடங்கித்தான் மதியம் இரண்டு மணியாகிறது. மருத்துவமனைக்குள் இருந்தபடி ஆன்-காலில் தூங்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000-இலும் 2003-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் சட்டம் எதுவாக இருந்தாலும் கணக்கை அப்படியே வையுங்கள். சார்ட்டை முன்கூட்டியே கொடுங்கள். இங்கிலாந்தில் ஆறு வாரத்துக்கு முன் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களால் நாலு வாரம் முடிந்தாலும் போதும். திங்கட்கிழமை நைட் டியூட்டி என்று சனிக்கிழமை மாலைதான் தெரிகிறது என்றால், அந்த ஆள் எந்தக் கல்யாணத்துக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பிள்ளையை டாக்டரிடம் காட்டக்கூட நாள் குறிக்க முடியாது.

ஆளே இல்லாதபோது இரவு வேலை பார்த்தவரை எப்படிக் காலையில் வீட்டுக்கு அனுப்புவது என்று கேட்பீர்கள். இரண்டு இடத்திலிருந்து நேரத்தை மீட்கலாம். ஒன்று, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலை. ஒரு பகல் முழுக்க உங்கள் ஜூனியர் ஒருவர் பின்னாலேயே போய்ப் பாருங்கள். லேப் ரிப்போர்ட்டைத் தேடி ஓடுவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்க வரிசையில் நிற்பது, இரத்தம் எடுப்பது, ஒரே விவரத்தை மூன்று ஃபாரத்தில் எழுதுவது. ஒரு வார்டு கிளார்க், காலையில் இரத்தம் எடுக்க ஒரு டெக்னீஷியன் என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில், பாண்டுக்குப் பதிலாக நீங்கள் கேட்கும் முதல் காரியம் இதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று, டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் முறை. நேரம் குறைந்தால் கை மாறுவது கூடும், கை மாறும்போது தகவல் விழுந்துவிடும் என்பது நேரக் குறைப்புக்கு எதிரான நியாயமான வாதம். அதற்கு மருந்து உண்டு. வட அமெரிக்காவில் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில், ஒப்படைப்பதற்கென்று ஒரே ஒழுங்கை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள்: எவ்வளவு மோசம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, இப்படியானால் என்ன செய்வது, கடைசியில் கேட்டவர் திருப்பிச் சொல்வது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் முடிவுகள் வெளியாயின. ஒப்படைக்க எடுத்த நேரம் கூடவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு சீனியர் உடனிருந்து இதை நடத்தினால் போதும், தனிச் செலவு எதுவும் இல்லை.

கற்பித்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கே தெரியும். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஜூனியரின் போனை வேறொருவர் வாங்கி வைத்துக்கொண்டு அவரை வகுப்பில் உட்காரவிடுங்கள். இங்கே இருந்தால் ஏதோ ஒன்றில் கைதேர்ந்தவன் ஆவேன் என்ற நம்பிக்கை உள்ளவர் அவ்வளவு எளிதில் பெட்டி கட்டுவதில்லை.

வேலை நேரத்தை எழுத்தில் பதிவு செய்யும் பழக்கத்தையும் கொண்டுவாருங்கள். இங்கிலாந்தில் 2016 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சார்ட்டில் உள்ளதைவிட அதிக நேரம் வேலை பார்க்க நேர்ந்தால் ஜூனியர் உடனே அதைப் பதிவு செய்யலாம். அதைக் கவனிக்கவென்றே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பாதுகாப்பு வரம்பைக் கடந்தால் மருத்துவமனைக்கு அபராதம், அந்தப் பணமும் ஜூனியர்களின் நலனுக்கே போகிறது. உங்களுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்ற உண்மைக் கணக்கு மட்டும் போதும். பதிவு செய்தவர் மேல் யாரும் கோபப்படக் கூடாது என்பதற்கு நீங்கள் உத்தரவாதம் கொடுங்கள். கூடுதல் பணியிடங்களும் சம்பள உயர்வும் கேட்டு மேலே போகும்போது அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும். ஆதங்கத்தை நிர்வாகங்கள் கேட்டுக்கொள்ளும், எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் சிலர் போவார்கள். மேற்படிப்புக்காக, துணைவருக்காக, உலகம் பார்க்கும் ஆசைக்காக. அதைத் துரோகமாகப் பேசும் சீனியர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வேதனையாக இருக்கும். மருத்துவப் பணியாளர்களைப் பிற நாடுகள் வேலைக்கு எடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்ற நடத்தை விதிகள்கூட, ஆள் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து மும்முரமாக ஆள் எடுப்பதைத்தான் ஊக்குவிக்க வேண்டாம் என்கின்றன. புலம்பெயரும் தனிமனித உரிமையை அவை மறுக்கவில்லை. போகிறவர் திரும்பி வர ஒரு வழி வையுங்கள். இரண்டு ஆண்டு ஊதியமில்லா விடுப்பு, அங்கே பெற்ற அனுபவத்தை இங்கே பணிக்காலமாகக் கணக்கிடுவது, வருஷத்துக்கு ஒரு முறை துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல். திரும்பி வர நினைக்கும்போது கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதாலேயே வராமல் இருந்துவிடுபவர்கள் உண்டு.

இனி உங்கள் யூனிட்டின் அந்தப் பெண் டாக்டர். பரிந்துரைக் கடிதத்தை ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தாதீர்கள். இழுத்தடிப்பதை மற்ற ஜூனியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களும் தங்கள் விண்ணப்பங்களை உங்களுக்குத் தெரியாமல் போட ஆரம்பிப்பார்கள். அவருடைய திறமை என்னவோ அதை முழுமையாக எழுதி, கையெழுத்திட்டு, நீங்களே கையில் கொடுங்கள். கொடுத்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, இங்கே எது மாறியிருந்தால் இருந்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கடிதம் கைக்கு வந்துவிட்டதால் அவர் பயமில்லாமல் சொல்வார். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்பவற்றில் உங்கள் கையெழுத்தால் மாறக்கூடியவை எவையோ, அவற்றை அடுத்த மாத டியூட்டி சார்ட் வெளியாகும் முன் மாற்றிவிடுங்கள். மாற்றியதை அவர் கிளம்புவதற்குள் அவரிடமும் சொல்லுங்கள்.